அடுப்பில்லாதவர் உணவு



திருகோணமலை நகரில் விடியற்காலையில் நடந்து பழகியவர்களுக்கு ஒரு காட்சி புதிதன்று. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன்பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் நகருக்குள் நுழைகின்ற நேரம் அது. ஒருபுறம் பத்திரகாளி அம்பாள் ஆலயத்து மணி ஒலிக்கும். மறுபுறம் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழும். அவ்வேளையில் பஸ் நிலையத்து வாங்குகளிலிருந்தும், சந்தையை அடுத்த கடைகளின் விறாந்தைகளிலிருந்தும் சிலர் எழுந்து, தாம் படுத்திருந்த காகித மட்டைகளையும் சாக்குகளையும் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்குவர். கடை திறப்பவர் வந்து வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும் முன்னர் அவர்கள் அவ்விடத்தை விட்டு அகன்றாக வேண்டும். பகல் வந்ததும் அவர்களை நாம் காண்பதில்லை. ஊர் அவர்களைத் தன்னுள் கரைத்துக்கொண்டுவிடும்.

இவ்வாறு வீடின்றி வாழ்வோரின் உடல்நலமும் உணவும் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச எண்ணுகிறேன். நான் வைத்தியன் அல்லன். தமிழும் வரலாறும் கற்பித்து, இப்போது ஓர் அரசினர் பாடசாலையில் அதிபராக இருப்பவன். ஆகவே நான் சொல்லப்போவது மருத்துவம் அன்று. கண்டதும், கேட்டதும், வைத்திய நண்பர்களிடம் விசாரித்து அறிந்ததும், ஓரளவு படித்ததுமேயாகும்.

வீடில்லை என்றால் கூரையில்லை என்றே நாம் பொருள்கொள்கிறோம். மழைக்கு ஒதுங்க இடமில்லாமையே அவர்களுடைய முதற்குறை என்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வீட்டில் கூரை மட்டுமா இருக்கிறது? அடுப்பு இருக்கிறது. தண்ணீர்க் குடம் இருக்கிறது. மிஞ்சிய சோற்றை மூடி வைக்க ஒரு சட்டி இருக்கிறது. கழிப்பிடம் இருக்கிறது. மாத்திரைப் பொட்டலத்தை மழையில் நனையாமல் வைக்க ஒரு மாடம் இருக்கிறது. கீரை சாப்பிடுங்கள், நீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள், வேளை தவறாமல் உண்ணுங்கள் என்று நாம் பாடசாலைகளில் எழுதி ஒட்டுகின்ற அறிவுரைகள் அத்தனையும் இவையெல்லாம் இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதப்பட்டவை. இதனை எனக்கு உணர்த்தியவர் ஒரு பெரியவர். அவர் பெயரைச் சொல்வது முறையன்று. பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

2022 ஆம் ஆண்டு நாம் எவரும் மறக்கக்கூடிய ஆண்டன்று. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைக் காட்டிலும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. ஏறக்குறைய இருமடங்கு. மாதச் சம்பளம் பெறுகின்ற என் போன்றோரே பால்மாவை எண்ணிக் கரைத்த காலம் அது. அந்நாளில் எங்கள் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்து பஸ் நிலையத்தில் இருப்போர்க்குக் கொடுக்கத் தொடங்கினர். நானும் அவர்களோடு போவதுண்டு. போவதில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பெரியவர் ஒரு காலத்தில் துறைமுகத்தில் சரக்கிறக்கும் வேலை பார்த்தவர். ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்குக் கொடுத்த பார்சலை நாய் ஒன்று தின்றுகொண்டிருப்பதைக் கண்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயா, பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சோற்றைக் குறைத்துக் கொண்டுவருகிறார்கள், இப்படிச் செய்யலாமா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் வாயைத் திறந்து காட்டினார். முன்வாயில் இரண்டு பற்கள் மட்டும் இருந்தன. "சோறு நல்ல சோறுதான் மாஸ்டர், குழம்பையும் பருப்பையும் குழைத்துச் சாப்பிட்டேன். பொரித்த மீனையும் கத்தரிக்காயையும் என்ன செய்ய?" என்றார். பதினைந்து வாரமாகச் சோறு கொடுத்து வந்தோம். பல் இருக்கிறதா என்று எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

அதனோடு முடிந்திருந்தால் இதனை நான் வானொலியில் சொல்ல வந்திருக்க மாட்டேன். அவருக்கு நீரிழிவும் இருந்தது. இலவச வைத்தியசாலையில் மாத்திரை பெற்று வந்தார். நீரிழிவு மாத்திரைகளுள் சில, உணவு வயிற்றில் விழுமா விழாதா என்று பார்ப்பதில்லை. அவை இரத்தத்திலுள்ள சீனியைக் குறைத்துக்கொண்டே போகும். உணவு உரிய நேரத்தில் வராவிட்டால் சீனி மிகத் தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, அறிவு மயங்கி, மனிதன் விழுந்துவிடுவான். பொட்டலத்தில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியவர் மேல் பிழையில்லை. ஆனால் அச்சொல்லுக்கு அவருடைய வாழ்வில் பொருளில்லை. எது சாப்பாட்டுக்கு முன், எது சாப்பாட்டுக்குப் பின் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலையில் பரிசளிப்பு விழா இருந்தமையால் பார்சலைக் காலையிலேயே கொண்டுவருவோம் என்று மாணவன் ஒருவன் முந்தின வாரம் அவரிடம் சொல்லியிருந்தான். அவரும் அதனை நம்பி எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். விழாவுக்கு வந்த பிரமுகரை நான் வரவேற்று, மாலை சூட்டி, உரையாற்றி முடித்து, நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. பெரியவரை அதற்கு முன்பே ஓட்டோக்காரர் ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டு போயிருந்தார். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்றெண்ணி அதுவரை நெடுநேரம் எல்லோரும் அவரைக் கடந்து போனார்கள் என்று அந்த ஓட்டோக்காரர் சொன்னார்.

அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்திராவிட்டால் அது என் கணக்கில் எழுதப்பட வேண்டிய கணக்கு.

அதன்பின் எனக்கு உறக்கம் கெட்டது, படிக்கத் தொடங்கினேன். கலைப் பட்டதாரிக்கு வேறு வழியில்லை.

முதலில் என் நினைவுக்கு வந்தது நம்முடைய கரையிலேயே நிகழ்ந்த ஒரு பழைய கதை. 1660 ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில், அதாவது இன்றைய மூதூர்ப் பக்கத்தில், ஆங்கிலக் கப்பலொன்றைச் சேர்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞரையும் அவருடைய தந்தையையும் மாலுமிகளையும் கண்டி மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். மூதூரிலே வெள்ளைக்காரன் மரம் என்று ஒரு புளிய மரத்தை அதற்கு அடையாளமாகக் காட்டி வந்தனர். நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக இருந்து, தப்பிச் சென்று, 1681 இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். கைதிகளை ஊர் ஊராகப் பிரித்துவிட்டு, ஊரார் அவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்பது மன்னன் கட்டளை. நொக்ஸின் தந்தை காய்ச்சலில் இறந்துபோனார். தனித்துப்போன மகன் செய்த காரியம் என்ன தெரியுமா? சமைத்த சோறு வேண்டாம், அரிசியாகத் தாருங்கள் என்று வாதாடிப் பெற்றுக்கொண்டார். ஆக்கிப்போட ஒரு பையன் அவரோடு இருந்தான். அரிசி கையில் வந்ததும் மிச்சம் பிடித்தார், கோழி வளர்த்தார், பின்னர்த் தொப்பி பின்னி விற்றார். பிறர் ஆக்கியதைப் பிறர் குறித்த வேளையில் உண்ணும் வரையில் அவர் கைதி. அடுப்பு தம்மதானபோதே பாதி மனிதராகிவிட்டார்.

நேர் எதிரான ஒரு நிலையையும் இதே மூதூர்ப் பகுதியில் நாம் கண்டோம். 2006 ஆம் ஆண்டு யுத்தத்தில் சம்பூரிலும் அயற்கிராமங்களிலும் இருந்த மக்கள் தம் வீடுவாசல்களை விட்டு ஓடினர். மட்டக்களப்புப் பக்கம் போய், மீண்டும் திருகோணமலை மாவட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டு, கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தனர். தற்காலிகம் என்ற சொல் ஏறக்குறைய பத்தாண்டு நீண்டது. 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் அவர்களுட் பலர் தம் காணிகளுக்குத் திரும்பினர். வயலும் கடலும் வைத்திருந்தவர்கள் அம்மக்கள். பசுவும் எருமையும் வளர்த்தவர்கள். மீனுக்கும் தயிருக்கும் குறைவில்லாதவர்கள். முகாமில் அவர்கள் கண்டது அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்னும் உலருணவு. பசிக்கு அது போதலாம். ஆனால் மீனும் கீரையும் மோரும் அற்ற உணவிலே வளர்கின்ற பிள்ளை, வயிறு நிறைந்தும் வளராத பிள்ளையாகும். விறகுக்கும் அலைய வேண்டும். கணவனை இழந்த தாய் கூலிக்குப் போய்விட்டால், கொட்டிலில் இருக்கும் அரிசியைப் பிள்ளை பச்சையாகவா தின்னும்?

மணிமேகலை கற்பிக்கும்போதெல்லாம் அமுதசுரபியை ஓர் அற்புதம் என்று சொல்லிக் கடந்துவிடுவேன். இப்போது அக்காப்பியத்தை வேறு கண்ணோடு பார்க்கிறேன். அமுதசுரபி உலருணவு தரவில்லை! உண்ணத்தக்க உணவையே தந்தது. அதுமட்டுமன்று. எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பெரும்பசி நோய் காயசண்டிகைக்கு. அவள் பசி அப்பாத்திரத்து உணவால் தணிந்தது. பசியை ஒரு நோயாகவே எழுதிய காப்பியம் அது. பின்னர் மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். இதற்குப் பின்னே மீண்டும் வருவேன்.

வீடற்றவரைப் பற்றி நாம் சொல்லும் சொற்களுள் மிகவும் மலிந்தது 'சோம்பேறி' என்பது. வேலைக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை, சொன்னது நினைவில்லை, எரிந்து விழுகிறான் என்பார்கள். இரண்டாம் உலகயுத்தத்தின் இறுதியில், 1944, 1945 ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதற்கு உடன்பட்டனர். உடல்நலமும் கல்வியும் உள்ளவர்கள். அவர்களுக்கு 24 கிழமைகள் உணவைக் குறைத்துக் கொடுத்தனர். பட்டினி போடவில்லை, பாதி வயிற்றுக்குக் கொடுத்தனர். உடல் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. அதைவிட வியப்பு அவர்களுடைய மனத்தில் நேர்ந்த மாற்றம். நற்குணமுள்ள அவ்விளைஞர்கள் எதிலும் நாட்டமில்லாது போனார்கள். சிறு சொல்லுக்குச் சினந்தார்கள். எந்நேரமும் உணவையே எண்ணினார்கள். சமையற் புத்தகங்களை எடுத்து வைத்துப் படித்தார்கள். வெயிலிலும் குளிர்கிறது என்றார்கள். ஆறு மாதத்தில் இத்தனை மாற்றம் எனில், ஆறு வருடம் பஸ் நிலையத்தில் கிடப்பவரிடம் நாம் சுறுசுறுப்பை எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம்?

இன்னொன்று. வைத்திய நூல்களில் பெரிபெரி என்றொரு நோய் உண்டு. உயிர்ச்சத்து பி 1, அதாவது தயமின், உணவில் குறைவதால் வருவது. கால்கள் சோர்ந்து, மரத்து, வீங்கி, இதயமும் தளரும். அப்பெயர் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்றும், 'முடியாது, முடியாது' என்பதே அதன் பொருள் என்றும் அகராதிகள் கூறும். நம் நாட்டுப் பெயரையே உலகம் அந்நோய்க்கு வைத்துக்கொண்டது. அதன் காரணத்தைக் கண்டறிய வழிகாட்டியவர் ஜாவாவில் பணியாற்றிய எய்க்மன் என்ற டச்சு வைத்தியர். தீட்டிய வெள்ளையரிசியைத் தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தால் தேறுவதையும் அவர் கண்டார்; 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் முன்னோர் நெல்லைப் புழுக்கிக் குற்றியதால் தவிட்டின் சத்து ஓரளவு அரிசிக்குள்ளே ஊறி நின்றது. புழுங்கலரிசிச் சோறு உண்பவர்க்குப் பெரிபெரி அரிது. ஆனால் தெருவில் இருப்பவருடைய உணவு எது? காலையில் சீனி கூடிய வெறுந்தேநீர். பகலில் வெள்ளைப் பாண் அல்லது பணிஸ். கிடைத்தால் இரவில் ஒரு பிடி பச்சையரிசிச் சோறு. சாராயமோ கசிப்போ சேர்ந்துவிட்டால் தயமினை உடல் ஏற்பதும் குன்றும். கால் வீங்கி, தள்ளாடி, நினைவு குழம்பி நடக்கின்ற அவரை வெறிகாரன் என்று ஒதுக்குகிறோம். குடி தெளிந்த பின்னும் தள்ளாடுகிறவரை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது எனக்கே அண்மையில்தான் தெரியும்.

மிகுதியாகக் கொடுப்பதிலும் ஆபத்துண்டு. 2024 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கடலில் ஒரு படகு தென்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்யா மக்கள், பெருந்தொகையான சிறுவர் உட்பட, அதில் இருந்தனர். கடற்படையினர் அவர்களைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தனர். நகரிலே ஒரு பாடசாலையில் சில நாள் தங்கினர். திருகோணமலை மக்கள் சாதி சமயம் பாராது உணவோடும் உடையோடும் ஓடினார்கள்; அதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். ஆனால் பல நாள் பட்டினி கிடந்தவருக்கு உடனே பெருவிருந்து வைத்தல் ஆகாது என்பதை நம்முள் பலர் அறியோம். பட்டினியில் உடல் தன் உப்புச்சத்துகளைச் செலவழித்து ஒருவாறு சமநிலை கொண்டிருக்கும். திடீரென்று சோறும் சீனியும் புகுந்தால், அவற்றை எரிப்பதற்காக இரத்தத்திலுள்ள பொஸ்பேற்று, பொற்றாசியம் முதலியன உயிரணுக்களுக்குள் விரைந்து இழுக்கப்பட, இதயம் தடுமாறும். இரண்டாம் உலகயுத்தத்தின் முடிவில் முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டோர் சிலர் உணவு கிடைத்த பின்னரே இறந்த துயரத்துக்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட விரதத்தை நம் பாட்டிமார் கஞ்சியால் முடித்துவைத்தது வெறும் சம்பிரதாயமன்று.

காசநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956 ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதுவரை காசநோயாளரை ஆரோக்கிய நிலையத்தில் வைத்து, நல்லுணவும் ஓய்வும் கொடுத்தாலன்றிக் குணமாகாது என்றே உலகம் நம்பியிருந்தது. சென்னை வைத்தியர்கள் ஏழை நோயாளருட் பாதிப் பேரை ஆரோக்கிய நிலையத்திலும், பாதிப் பேரைத் தத்தம் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் எளிய உணவே உண்டனர். எனினும் குணமடைந்தோர் தொகையில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. 1959 இல் முடிவு வெளியானதும் உலகமெங்கும் காச நிலையங்களை மூடும் வழி பிறந்தது. அரிய வெற்றிதான். ஆனால் அது 'வீட்டுச் சிகிச்சை'. வீடில்லாதவனை அக்கணக்கில் எங்கே சேர்ப்பது? ஆறு மாதம் நாள் தவறாது மருந்துண்ண வேண்டியவனைத் தேடிப்போனால், சென்ற வாரம் படுத்திருந்த விறாந்தையில் இந்த வாரம் அவன் இல்லை. உணவும் மருந்துக்குத் துணை வேண்டும் என்பதை ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. காசநோயாளரின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் மேலதிகமாகக் கொடுத்ததில், அவர்களுக்கு அந்நோய் புதிதாகத் தொற்றுவது ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்ததாம். அங்கும் குடும்பம் இருந்தது, அடுப்பும் இருந்தது.

பெண்களின் பாட்டை விரித்துச் சொல்ல எனக்குத் தயக்கம்; ஆயினும் சொல்லாமல் விட முடியாது. பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குக் காசு வேண்டும்; இரவில் அது பூட்டிவிடும். ஆகவே தெருவில் இருக்கும் பெண் பகல் முழுதும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். திருகோணமலை வெயிலில்! அதனால் சிறுநீர்ச் சுடுதலும் காய்ச்சலும். எங்கள் பாடசாலையில் சேர்ந்த ஒரு சிறுவனுடைய தாய் இதனை எங்கள் ஆசிரியை ஒருவரிடம் சொல்லி அழுதாள். அவர்கள் இருவரும் அப்போது கடை விறாந்தையில் உறங்கி வந்தார்கள் என்பதைப் பையனின் வகுப்பாசிரியரே மூன்று மாதம் அறியவில்லை. பையன் ஒருநாளும் பாடசாலைக்கு வராமல் இருந்ததில்லை. படிப்பில் அத்தனை ஆர்வமோ என்று வியந்தோம். பாடசாலையில் மதிய உணவு கொடுத்தோம், அதுதான் காரணம். வெள்ளிக்கிழமை மாலையில் அவன் முகம் வாடியதற்கும் அதுவே காரணம்.

இனி அரசின் பக்கம். 1841 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் என்ற ஒன்று நம் நாட்டில் உண்டு. இருக்க இடமின்றி அலைவதையே குற்றமாக நோக்கிய சட்டம் அது. அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்த மனப்பான்மை இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை; முக்கியஸ்தர் ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால் பஸ் நிலையத்தைச் 'சுத்தம்' செய்கிறோம். மணிமேகலை மன்னனிடம் கேட்டது இதற்கு நேர்மாறானது. உதவித் தொகைகளும் முகவரியைத் தேடியே வருகின்றன. 1995 இல் தொடங்கிய சமுர்த்தியாகட்டும், 2023 இல் அதனிடத்துக்கு வந்த அஸ்வெசுமவாகட்டும், கிராம அலுவலர் பிரிவில் குடும்பமாகப் பதிந்தோரையே முதலில் கண்டுகொள்ளும். அடையாள அட்டை தொலைந்துபோனவருக்கு அட்டை எடுக்க முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். எங்கள் பெரியவருக்குப் புதிய அட்டை எடுக்கக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நான் பதினொரு முறை ஏறியிறங்கினேன். அதிபர் என்ற பதவியோடு போன எனக்கே பதினொரு முறை!

சென்னையில் 2013 ஆம் ஆண்டு மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தபோது ஓர் இட்டலி 1 ரூபா, சாம்பார்ச் சாதம் 5 ரூபா, தயிர்ச் சாதம் 3 ரூபா என்று விலை வைத்தார்கள். அதைப் பற்றி அரசியல் பேசுவோர் பேசட்டும். நான் அங்கே போயிருந்தபோது கண்டது வேறு. அங்கே எவரும் அட்டை கேட்கவில்லை. நீ ஏழையா என்று கேட்கவில்லை. காலையில் திறக்கும் நேரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுமை தூக்குவோரும், மாணவரும், நடைபாதையில் உறங்கியெழுந்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இட்டலிக்குப் பல் வேண்டாம். தயிர்ச் சாதத்துக்கும் வேண்டாம்.

நம்மிடமும் கொடுக்கும் மனம் இல்லாமலில்லை. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகின்ற அடியார்கள் ஆண்டுதோறும் நம் மாவட்டத்தைக் கடந்து வெருகல் வழியாகச் செல்கிறார்கள். அவர்களும் வழியிலே படுப்பவர்கள்தாம். அவர்களும் சமைப்பதற்கு வீடற்றவர்கள்தாம். ஊருக்கு ஊர் அடுப்பு மூட்டி, இன்ன நாளில் இன்ன இடத்துக்கு வருகிறார்கள் என்று கணக்குப் பார்த்து, கஞ்சியும் சோறும் மோரும் கொடுத்து, கால் கொப்புளத்துக்கு மருந்தும் இடுகிறோம். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் கஞ்சி. வெசாக் காலத்தில் வீதியெங்கும் தன்சல். குறை எதுவெனில், இவை பண்டிகை பார்த்து வருகின்றன. ஒரே நாளில் நாலு இடத்தில் அன்னதானம், மறுநாள் ஓரிடத்திலுமில்லை. முதல்நாட் சோற்றை மறுநாளுக்கென்று பொலித்தீன் பையில் கட்டிவைத்தால், தேங்காய்ப்பால் சேர்ந்த கறி நம் வெக்கையில் சில மணி நேரத்தில் பழுதாகிவிடும். பிறகு வயிற்றோட்டம். ஜீவனிப் பொட்டலம் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும்; ஆனால் அதனை ஒரு லீற்றர் சுத்தநீரில் கரைக்க வேண்டும். ஒரு லீற்றர் கொள்ளும் பாத்திரமும், கொதித்தாறிய நீரும் அவருக்கு ஏது?

எங்கள் மாணவர் இப்போது செய்வது பெரிய காரியமன்று. வெள்ளிக்கிழமைப் பார்சலை நிறுத்திவிட்டோம். பாடசாலைக்கு அண்மையில் உள்ள ஒரு தேநீர்க்கடைக்காரர் இணங்கினார். பாடசாலை நாள்களில் காலை ஆறரை மணிக்கு அவருடைய அடுப்பில் ஒரு பானை இலைக்கஞ்சி. சிவப்புப் புழுங்கலரிசி, பயறு, முருங்கையிலை, வல்லாரை, கொஞ்சம் தேங்காய்ப்பால். பல்லுள்ளவருக்கு அவித்த கடலையும், கிழமையில் இரு நாள் முட்டையும் உண்டு. பள்ளி விடுமுறையில் பழைய மாணவர் சங்கத்தார் பொறுப்பேற்கிறார்கள். சென்ற ஆண்டு சித்திரைப் புதுவருடத்தில் மட்டும் மூன்று நாள் தவறிவிட்டது. ஆறரை என்றால் ஆறரை. அதில் மட்டும் நான் கண்டிப்பு. மணியை மாற்றுவதாயின் மூன்று நாளைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பரிசளிப்பு விழாவானாலும் சரி, கல்விப் பணிப்பாளர் வந்தாலும் சரி.

பெரியவர் இப்போது தம் மாத்திரைப் பொட்டலத்தையும் கிளினிக் புத்தகத்தையும் அந்தத் தேநீர்க்கடை அலுமாரியில் வைத்திருக்கிறார். வைத்தியரிடம் நிலைமையை விளங்கச் சொன்னதும் அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அதுவரை எவரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் எப்படி அறிவார்? உணவாக வேறு என்ன வேண்டும் ஐயா என்று நான் பெரியவரை ஒருமுறை கேட்டேன். உணவு வேண்டாம் மாஸ்டர், கஞ்சியில் கொஞ்சத்தைப் பத்து மணிக்கென்று வைத்துக்கொள்ள மூடியோடு ஒரு பேணி வேண்டும் என்றார். எவர்சில்வரில் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். சென்ற திங்கட்கிழமை வந்து, பேணி இருக்கிறது, மூடியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றார். இன்று மாலை கடைத்தெருவுக்குப் போகையில் மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.